அவகாசம் கேட்கும் உரிமை

ஆவணி மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர் வியாபாரிகளின் கணக்கு அறைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: தேதியை நீட்டுவார்களா, மாட்டார்களா? வருஷம் முழுவதும் ஒழுங்காகக் கணக்கு எழுதி, மாதம் தவறாமல் ஜிஎஸ்டி செலுத்தி, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய நான்கு தவணைகளில் முன்கூட்டிய வருமான வரியையும் கட்டி முடித்துவிட்ட ஒரு மனிதர், தம் வியாபாரத்தின் வருமான வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய இன்னும் பதினைந்து நாள் இருந்தால் பிழையின்றிச் செய்து முடிக்கலாம் என்று உணர்கிறபோது, அந்தப் பதினைந்து நாளை யாரிடம், எந்த மனுவில், எந்தப் பிரிவின் கீழ்க் கேட்பது என்பதற்கு இன்று நம் தேசத்துச் சட்டத்தில் பதில் இல்லை. டெல்லியில் உள்ள நேரடி வரிகள் மத்திய வாரியம் மனம் வைத்து எல்லோருக்குமாகத் தேதியை நீட்டினால் அவருக்கும் கிடைக்கும், நீட்டாவிட்டால் இல்லை. குடிமகன் தனக்கென்று கேட்டுப் பெறத்தக்கதாக இருக்க வேண்டிய ஒரு சாதாரண சௌகரியம், தேசம் முழுவதும் ஒரே நாளில் வழங்கப்படும் அனுக்கிரகமாக மாறிப்போனது எப்படி என்பதையும், அதை மறுபடியும் உரிமையாக்குவது ஏன் அவசியம் என்பதையும் நாம் சற்று நிதானமாக ஆராய வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் பல்லாண்டு அனுபவத்துக்குப் பின் வியாபாரிகளுக்குக் குறித்துவைத்த தேதிகள் இவை: கணக்குத் தணிக்கைக்கு உட்படாதவர்களுக்கு ஜூலை 31, தணிக்கைக்கு உட்பட்டவர்களுக்கும் கம்பெனிகளுக்கும் அக்டோபர் 31, தணிக்கை அறிக்கையை மட்டும் அதற்கு ஒரு மாதம் முன்னதாக, செப்டம்பர் 30க்குள், ஆடிட்டர் பதிவேற்றிவிட வேண்டும். இந்தத் தணிக்கை ஏற்பாடு 1984ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தின் மூலம் வந்தது. அப்போது 40 லட்ச ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு விதிக்கப்பட்ட அது, பிறகு ஒரு கோடி என்றும், ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 10 கோடி என்றும் உயர்ந்திருக்கிறது. தேதிகளைத் தளர்த்தும் அதிகாரம் சட்டத்தின் 119ஆம் பிரிவின்படி வாரியத்துக்கு உண்டு. வாரியம் அதை மனம்போன போக்கில் உபயோகிக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் பயன்படுகிற அந்த அதிகாரம், தனியொரு வியாபாரியின் நியாயமான காரணத்தைக் கேட்கும் செவியாக ஒருபோதும் இருக்க முடியாது. அதன் இயல்பே அப்படி.

2025ஆம் ஆண்டு நடந்ததையே எடுத்துக்கொள்வோம். ரிட்டர்ன் படிவங்கள் அவ்வருஷம் தாமதமாக வெளியானதால், ஜூலை 31 என்ற தேதி செப்டம்பர் 15 ஆக்கப்படுகிறது என்று மே 27 அன்றே அறிவிப்பு வந்தது. அது முறையான, பாராட்டத்தக்க அறிவிப்பு. ஆயினும் கூட்டு வியாபார நிறுவனங்களும் கம்பெனிகளும் உபயோகிக்க வேண்டிய மென்பொருள் ஆகஸ்டு மாதத்தில்தான் கைக்கு வந்தது. செப்டம்பர் 15 அன்று இரவு வெகுநேரம் கழித்து, மேலும் ஒரே ஒரு நாள் கொடுக்கப்பட்டது. தணிக்கை அறிக்கைக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று செப்டம்பர் 24ஆம் தேதி ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தின் ஜோத்பூர் அமர்வு உத்தரவிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றமும் அவ்வாறே உத்தரவிட்டது. மறுநாள் வாரியம் அக்டோபர் 31 வரை நீட்டி அறிவித்தது. அந்தத் தேதிக்கு இரண்டு நாள் இருக்கையில், அக்டோபர் 29 அன்று, தணிக்கை அறிக்கைக்கு நவம்பர் 10 என்றும் ரிட்டர்னுக்கு டிசம்பர் 10 என்றும் மறுபடியும் தேதிகள் மாறின. ஐந்து மாதத்துச் சொச்சத்துக்குள் இத்தனை மாற்றங்கள். இவற்றில் எதையும் எந்த வியாபாரியும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அறிந்திருந்தால் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் முழுவதும் தூக்கம் கெட்டு உழைத்திருக்க வேண்டிய அவசியம் பலருக்கு நேர்ந்திராது. தீபாவளி வியாபாரம் சூடு பிடித்திருந்த வேளையில் கடையைப் பார்ப்பதா, கணக்கைப் பார்ப்பதா என்று தவித்திருக்கவும் மாட்டார்கள்.

அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்பு, 2015இல், இதைவிட விசித்திரமான ஒரு நிலைமை ஏற்பட்டது. அப்போது தணிக்கைக்கு உட்பட்டவர்களின் கடைசித் தேதி செப்டம்பர் 30. அன்றைக்கு வாரியம், உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை அனுசரித்து, குஜராத், பஞ்சாப், ஹரியாணா, சண்டிகர் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு மாதம் நீட்டிக் கொடுத்தது. மற்ற மாநிலங்களுக்கெல்லாம் அந்த நீட்டிப்பு மறுநாள்தான் வந்தது. ஆகவே அன்றிரவு சூரத்தில் ஜவுளி வியாபாரம் செய்பவருக்கு ஒரு மாத அவகாசமும், அதே சரக்கை அவரிடம் வாங்கி ஈரோட்டில் விற்பவருக்குச் சில மணி நேர அவகாசமும் இருந்தன. இருவருக்கும் சட்டம் ஒன்றே, படிவம் ஒன்றே, தாமதத்துக்கான காரணமும் ஒன்றே.

தேதி தவறினால் என்ன குடி முழுகிப்போய்விடும் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளக்காரர் ஒருவருக்கு அது பெரும்பாலும் 5,000 ரூபாய்க் கட்டணத்தோடும், பாக்கி வரி இருந்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டியோடும் முடிந்துவிடக்கூடும். வியாபாரியின் நிலைமை வேறு. தணிக்கை அறிக்கை தாமதமானால் 1961ஆம் வருஷத்துச் சட்டம் விற்றுமுதலில் அரை சதவீதம், உச்சவரம்பு ஒன்றரை லட்ச ரூபாய், என்று அபராதம் வைத்திருந்தது. புதிய வரி முறையை விட்டுப் பழைய முறையில் வரி கட்ட விரும்பும் வியாபாரி அதற்கான படிவத்தைக் கடைசித் தேதிக்குள் கொடுக்காவிட்டால், அந்த வருஷத்துக்கு அந்த வாய்ப்பே போய்விடுகிறது. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, நஷ்டத்தைப் பற்றிய விதி. வியாபாரத்தில் ஏற்பட்ட நஷ்டத்தை அடுத்து வரும் எட்டு வருஷங்களின் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது சட்டம் கொடுத்த நியாயமான உரிமை. அந்த உரிமை, ரிட்டர்ன் உரிய தேதிக்குள் தாக்கலானால்தான் உண்டு. ஒரு நாள் தவறினாலும், தேய்மானம் நீங்கலான நஷ்டம் முழுவதும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

சோமனூர்ப் பக்கத்தில் இரண்டு பேர் கூட்டாக விசைத்தறி நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூல் விலை ஏறி, துணி தேங்கி, ஒரு வருஷம் அவர்களுக்கு 20 லட்ச ரூபாய் நஷ்டம். அடுத்த வருஷம் தெய்வாதீனமாக 20 லட்ச ரூபாய் லாபம். இரண்டு வருஷங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் கையில் ஒரு காசு மிஞ்சவில்லை. சட்டப்படியும் அவர்கள் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை. ஆனால் நஷ்டமடைந்த வருஷத்தின் ரிட்டர்ன் ஒரு நாள் பிந்திவிட்டால், மறு வருஷத்து லாபத்தின் மீது 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீதத் தீர்வையுமாக 6,24,000 ரூபாய் கட்டியாக வேண்டும். நஷ்டப்பட்ட வருஷத்தில்தான் ஒரு வியாபாரிக்குக் கணக்கை முடிப்பது மிகவும் கடினமாக இருக்கும். கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அவர் விலகியிருப்பார். கடன்காரர்களுக்குப் பதில் சொல்லவே பொழுது போதாது. மிகவும் நொந்திருக்கும் மனிதர்மீது மிகக் கனமான தண்டனை விழும்படி அமைந்திருக்கும் ஒரு விதியை அநியாயம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சோம்பேறித்தனம்தான் தாமதத்துக்குக் காரணம் என்ற அபிப்பிராயம் உத்தியோகஸ்தர்கள் சிலரிடத்திலும், வியாபாரத்தை அறியாத பொதுஜனங்கள் சிலரிடத்திலும் இருந்து வருகிறது. வருஷக் கணக்கை முடிப்பது என்றால் முன்பெல்லாம் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றி, சரக்கு இருப்பை எண்ணி, ஐந்தொகை எடுத்து முடித்தால் போதும். இன்றைக்கு அப்படியல்ல. தம்மிடமிருந்து வரி பிடித்தம் செய்தவர்கள் மே 31க்குள் தங்கள் கணக்கைச் சமர்ப்பித்த பிறகுதான் டிடிஎஸ் விவரம் முழுமையாகத் தெரியவரும். அவர்கள் தவறாகச் சமர்ப்பித்திருந்தால் அவர்களைத் துரத்திப் பிடித்துத் திருத்தச் சொல்ல வேண்டும். இலாகாவே தயாரித்து வைத்திருக்கும் வருடாந்தர விவரத் தொகுப்பில் உள்ள ஒவ்வொரு வரவும் தம் ஏட்டில் உள்ள வரவோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனையும் வருமான வரியில் காட்டும் விற்பனையும் வித்தியாசப்பட்டால் பின்னால் நோட்டீஸ் வரும் என்பதால் பன்னிரண்டு மாதத்தையும் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். சிறு, குறு உற்பத்தியாளர்களிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்து மூலமான உடன்பாடு இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்கத் தவறினால், கொடுத்த வருஷத்தில்தான் அந்தச் செலவு ஏற்கப்படும் என்ற விதி வந்த பிறகு, ஒவ்வொரு கொள்முதல் பில்லுக்கும் எதிரே விற்றவர் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரா, பணம் எந்தத் தேதியில் போயிற்று என்று எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியே ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு சிறு கடையின் ஒற்றைக் கணக்குப்பிள்ளையின் தலையில் ஒரே பருவத்தில் இறங்குகின்றன.

ஆடிட்டர்களின் நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு வருஷத்தில் 60 வரித் தணிக்கைகளுக்கு மேல் கையெழுத்திடக் கூடாது என்று அவர்களுடைய நிறுவனம் வரம்பு விதித்திருக்கிறது. தரம் குன்றக் கூடாது என்பதே அதன் உத்தேசம். ஆனால் அந்த அறுபதும் ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் வந்து குவிந்தால் எந்த மனிதரால் ஒவ்வொன்றுக்கும் உரிய கவனம் செலுத்த முடியும்? 1989க்கு முன் இந்த நெரிசல் இவ்வளவு இருந்ததில்லை. ஒரு வியாபாரி சித்திரை முதல் பங்குனி வரையிலோ, தீபாவளி முதல் தீபாவளி வரையிலோ, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலோ தம் வழக்கப்படி கணக்கு வருஷம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. கணக்கு முடிக்கும் வேலையும் வருஷம் முழுவதும் பரவிக் கிடந்தது. ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற ஒரே வருஷம் எல்லோருக்கும் வந்ததும், அனைவரும் ஒரே வாசலுக்கு ஒரே நாளில் வந்து நிற்கலானார்கள்.

நம்முடைய வாதத்துக்கு இன்னும் முக்கியமான வேறொரு மாறுதலும் அதே சமயத்தில், அதே திருத்தச் சட்டத்தால், நிகழ்ந்தது. இதைப் பற்றி இன்று அநேகர் அறியமாட்டார்கள். 1961ஆம் வருஷத்துச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, ரிட்டர்ன் தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும் என்று குடிமகன் மனுச் செய்யலாம், வருமான வரி அதிகாரி தம் விவேகத்தின்படி தேதியை நீட்டித் தரலாம் என்று 139ஆம் பிரிவிலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. அதற்கென்றே 1962ஆம் வருஷத்து விதிகளில் 6ஆம் எண் படிவம் என்று ஒரு மனுப் படிவமும் இருந்தது. கேட்டுப் பெற்ற அவகாசம் இலவசமல்ல. தாமதமான காலத்துக்குப் பாக்கி வரியின்மேல் வட்டி வசூலிக்கவும் அதே பிரிவில் ஏற்பாடு இருந்தது. அந்த வட்டி தண்டனையா, நஷ்ட ஈடா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, மத்திய மாகாண மாங்கனீசு தாதுக் கம்பெனியின் வழக்கில் 1986இல் அந்த நீதிமன்றம் அது தண்டனையன்று, சர்க்காருக்கு உரிய பணம் உரிய காலத்தில் வராததற்கு ஈடு செய்வதே என்று தெளிவுபடுத்தியது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! குடிமகன் மனுச் செய்கிறான். சர்க்கார் அவகாசம் கொடுக்கிறது. தனக்கு ஏற்பட்ட காலவிளம்பத்துக்கு வட்டி பெற்றுக்கொள்கிறது. ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தமில்லை. 1987ஆம் வருஷத்து நேரடி வரிச் சட்டங்கள் திருத்தச் சட்டம் 1989 ஏப்ரல் 1 முதல் இந்த மனுவுக்கான வழியை மூடிவிட்டது. வட்டி மட்டும் வேறு பிரிவுக்குப் பெயர்ந்து இன்றுவரை நிலைத்திருக்கிறது.

மூடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதிகாரியின் விவேகத்துக்கு விடப்படும் எதுவும் காலப்போக்கில் தயவாகவும், தயவு பிறகு பேரமாகவும் மாறக்கூடும் என்பது நம் தேசத்தின் கசப்பான அனுபவம். மனுவுக்குப் பதிலே சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, பின்னால் தாமதம் என்று அபராதம் போடவும் அங்கே இடமிருந்தது; அதனால் எழுந்த வழக்குகளும் அநேகம். இந்தக் குறைகளுக்கு மருந்து அதிகாரியின் கையிலிருந்த விவேகத்தை அகற்றுவதாக இருந்திருக்க வேண்டும். அகற்றப்பட்டதோ குடிமகனின் கையிலிருந்த மனு.

விவேகத்துக்கு இடமே வைக்காமல் மனுவை மாத்திரம் வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடைமுறை நல்ல பதில் சொல்கிறது. அங்கே கூட்டு வியாபார நிறுவனங்கள் பொதுவாக மார்ச் 15க்குள்ளும், சாதாரணக் கம்பெனிகள் ஏப்ரல் 15க்குள்ளும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பாக 7004 என்ற எண்ணுள்ள ஒரு சிறு படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டால், பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஆறு மாத அவகாசம் தானாகவே கிடைத்துவிடுகிறது. முந்தையவர்களுக்குச் செப்டம்பர் 15, பிந்தையவர்களுக்கு அக்டோபர் 15. காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அனுமதி எழுத்து அனுப்பக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் அங்கே கண்டிப்பானது: அவகாசம் கணக்கைச் சமர்ப்பிப்பதற்கே தவிர, வரியைக் கட்டுவதற்கு அன்று. கட்ட வேண்டிய வரியை உத்தேசமாகக் கணித்து முதல் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். குறைந்த தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அவகாசமும் கேட்காமல், ரிட்டர்னும் தாக்கல் செய்யாமல் இருப்பவருக்குப் பாக்கி வரியில் மாதம் 5 சதவீதம் வீதம் 25 சதவீதம் வரை அபராதம் ஏறும்; தாக்கல் செய்துவிட்டுப் பணம் கட்டத் தாமதிப்பவருக்கோ மாதம் அரை சதவீதம்தான். அந்தத் தேசத்து வரிச் சட்டத்தில் நாம் பின்பற்றக் கூடாதவை எத்தனையோ உண்டு. கணக்குக் கொடுப்பது வேறு, பணம் கொடுப்பது வேறு என்று அது பிரித்துப் பார்த்திருக்கும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நாம் கூச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிரிவினை நமக்கு அந்நியமானதும் அல்ல. கொரோனாக் காலத்தில் தேதிகள் பல முறை நீட்டப்பட்டபோது, ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வரி பாக்கி வைத்திருந்தவர்களுக்கு வட்டிச் சலுகை கிடையாது என்று நம் வாரியமே நிபந்தனை விதித்தது. அதாவது கணக்குக்கு அவகாசம், பணத்துக்கு இல்லை. முன்கூட்டிய வரி ஏற்பாட்டின்படி மார்ச் 15க்குள்ளேயே வருஷ வரி முழுவதும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். டிடிஎஸ் மூலம் இன்னும் முன்னதாகவே பெரும் பகுதி வந்துவிடுகிறது. ஜூலையிலும் அக்டோபரிலும் வருகிற ரிட்டர்ன், அநேகமாக வந்து சேர்ந்துவிட்ட பணத்துக்கு எழுதப்படும் விவரம். அந்த விவரம் ஒரு மாதம் பிந்தினால் கஜானா காலியாகிவிடாது. கம்பெனிச் சட்டத்தையும் பாருங்கள்: வருடாந்தரப் பொதுக்கூட்டத்தைக் குறித்த காலத்துக்குள் கூட்ட முடியாத கம்பெனி, விசேஷக் காரணம் காட்டிப் பதிவாளரிடம் மனுச் செய்தால், முதல் கூட்டம் தவிர மற்றவற்றுக்கு மூன்று மாதம் வரை அவகாசம் பெறலாம் என்று 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின் 96ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய கம்பெனி தன் பங்குதாரர்களைச் சந்திக்கத் தனியாக அவகாசம் கேட்கலாம். மளிகைக் கடைக்காரர் தம் ரிட்டர்னுக்குக் கேட்க முடியாது.

பொது அறிவிப்பை நம்பியிருக்கும் முறையின் குறை, துன்பம் தனியாக வரும்போதுதான் முழுவதும் தெரிகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது; தாமிரபரணிக் கரையின் கடைகளிலும் கிடங்குகளிலும் வெள்ளம் புகுந்தது. நவம்பர் மாதத்து ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு உரிய தேதி டிசம்பர் 20. திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் ஆகிய மாவட்டங்களுக்கு ஜனவரி 10 வரை அவகாசம் கொடுத்த அறிவிப்பு புத்தாண்டு பிறந்த பிறகுதான் வெளியாயிற்று. கடையில் இடுப்பளவுத் தண்ணீரில் கணக்குப் புத்தகங்களைத் தேடிக்கொண்டிருந்தவர், இரண்டு வாரத்துக்கு மேல் சட்டத்தின் கண்ணில் தவணை தவறியவராகவே இருந்தார். ஐந்து மாவட்டங்களையே முழுக்கிய வெள்ளத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஒரு கிடங்கில் பற்றிய தீக்கும், முப்பது வருஷம் கணக்கு எழுதிய பெரியவர் திடீரென்று காலமானதற்கும், மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கும் எந்த அறிவிப்பு வரப்போகிறது?

தேதி தவறிய பிறகு மன்றாட ஒரு வழி இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 119ஆம் பிரிவின் இன்னொரு பகுதியின்படி, தாமதத்தை மன்னித்து நஷ்டத்தையோ திரும்பப் பெற வேண்டிய வரியையோ அனுமதிக்கும்படி மேலதிகாரிகளிடம் மனுச் செய்யலாம். 2024 அக்டோபரில் வெளியான சுற்றறிக்கையின்படி ஒரு கோடி வரையில் முதன்மை ஆணையர் முதலானோரும், மூன்று கோடி வரையில் தலைமை ஆணையரும், அதற்கு மேல் முதன்மைத் தலைமை ஆணையரும் அதை விசாரிப்பார்கள். சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இயன்றவரை ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேடு விளைந்த பிறகு, உண்மையான கஷ்டம் என்று நிரூபித்து, ஆறு மாதம் காத்திருந்து, மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் வரை போவதற்கு வழி வைத்திருக்கிற சட்டம், கேடு விளையுமுன் ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்பதற்கு வழி வைக்கவில்லை. நோய் வராமல் தடுக்கும் கஷாயத்தை மறுத்துவிட்டு, முற்றிய பிறகு சத்திர சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது. அதிகாரிகளின் காலமும் இதில் எவ்வளவு விரயமாகிறது என்பதை இலாகாவே யோசித்துப் பார்க்கலாம்.

நான் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் அல்ல. கடைசித் தேதிக்கு முன்பாக, வரித் துறையின் போர்ட்டலில், ஒரே பக்கத்தில் அடங்கும் ஒரு மனு. அதில் தம் வருஷ வரியின் உத்தேசத் தொகையும், அது கட்டப்பட்டதற்கான விவரமும். மனு கிடைத்ததற்கு உடனே ஒரு ரசீது. அந்த ரசீதே அவகாசம். கால அளவு இரண்டு மாதம் போதும் என்பது என் அபிப்பிராயம். ஜூலைக்காரருக்குச் செப்டம்பர் முடிய, அக்டோபர்க்காரருக்கு டிசம்பர் முடிய. டிசம்பர் 31 என்பது தாமதமான ரிட்டர்னைக் கட்டணத்தோடு ஏற்றுக்கொள்ளச் சட்டம் ஏற்கெனவே வைத்திருந்த எல்லை. ஆகையால் அதற்குப் பின் நடைபெற வேண்டிய பரிசீலனை, மதிப்பீடு முதலியவற்றின் காலக் கணக்கு எதையும் இதனால் மாற்ற வேண்டி வராது. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி இப்போது போலவே ஓடட்டும். நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளும் உரிமை மட்டும் அவகாச காலத்துக்குள் தாக்கல் செய்தவருக்குப் போகக் கூடாது.

அப்படியானால் எல்லோருமே அவகாசம் கேட்பார்கள் என்ற ஆட்சேபம் உடனே எழும். எழட்டும். இன்று எல்லோருமே கேட்கிறார்கள். சங்கங்கள் வாயிலாகவும் வழக்குகள் வாயிலாகவும் கேட்டு, பல வருஷங்களில் எல்லோருமே பெறவும் செய்கிறார்கள். தவிரவும், வியாபாரிக்குத் தம் ரிட்டர்ன் சீக்கிரம் முடிவதில் சொந்த அக்கறை உண்டு. பாங்கில் கடன் வரம்பைப் புதுப்பிக்கவும், டெண்டரில் கலந்துகொள்ளவும், பையனின் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆதாரம் காட்டவும் முதலில் கேட்கப்படுவது அந்த ரிட்டர்ன்தான். திரும்ப வர வேண்டிய வரி இருப்பவர் ஒரு நாள்கூடத் தாமதிக்க விரும்பமாட்டார். உண்மையில் தேவைப்படுகிறவர்களே கேட்பார்கள். அவர்களும் கடைசி நாளில் போர்ட்டலை முற்றுகையிடாமல் தங்கள் முறை வரும்போது வருவார்கள். பெங்களூரிலிருந்து கோடிக்கணக்கான ரிட்டர்ன்களை மின்னணு முறையில் பரிசீலித்து, பலருக்குச் சில நாட்களிலேயே பணத்தைத் திருப்பி அனுப்பும் திறமையை நம் இலாகா பெற்றிருக்கிறது. இது நம் காலத்தில் நிகழ்ந்த மெய்யான முன்னேற்றம். அத்தகைய இலாகாவுக்கு ஒரு பக்க மனுவுக்கு ரசீது கொடுப்பது அசாத்தியமான காரியமாக இருக்க முடியாது. 1989இல் அஞ்சிய அதிகாரியின் விவேகத்துக்கும் பேரத்துக்கும் இதில் இடமே இல்லை. மனுவைப் பார்ப்பதற்கு அதிகாரியே தேவையில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 536 பிரிவுகளோடு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்து அமர்கிறது. மொழி எளிதாகியிருக்கிறது, அட்டவணைகள் தெளிவாகியிருக்கின்றன; ஆனால் அவகாசம் கேட்கும் மனு அதிலும் திரும்பி வரவில்லை. அதைச் சேர்க்கப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு நிதி மசோதாவில் ஒரு திருத்தம் போதும். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னதாக நிதி அமைச்சகம் தொழில், வர்த்தகப் பிரதிநிதிகளை அழைத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கோரிக்கைகள் அனுப்பும் நம் வர்த்தகச் சங்கத்தார், செப்டம்பர்தோறும் இன்னொரு மாதம் வேண்டும் என்று கேட்டு எழுதுவதற்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பங்கையாவது இந்த ஒரு திருத்தத்துக்குச் செலவிட வேண்டும்.

அதன் வாசகத்தை வரையும்போது ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. நிறுவனத்தின் ரிட்டர்னுக்கு அவகாசம் கிடைத்தால், அதன் தணிக்கை அறிக்கைக்கும், அதன் பங்குதாரர்களின் சொந்த ரிட்டர்ன்களுக்கும் அதே அவகாசம் தானாகவே பொருந்தும் என்று சேர்த்து எழுத வேண்டும். 2014இல் தணிக்கைப் படிவம் ஜூலைக் கடைசியில் மாற்றப்பட்டபோது, வாரியம் தணிக்கை அறிக்கைக்கு நவம்பர் 30 வரை நீட்டிக் கொடுத்துவிட்டு, அந்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு நிரப்ப வேண்டிய ரிட்டர்னுக்கு மட்டும் செப்டம்பர் 30ஐயே வைத்திருந்தது. இரண்டையும் ஒரே தேதியில் கொண்டுவந்து நிறுத்த, வரி ஆலோசகர்களின் சங்கம் குஜராத் உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.